முந்தியாயிற்றா? தடத்தை விடுங்கள்

நீங்கள் கேட்டவை மூன்று. முந்தும் தடத்தை அடைத்துக்கொண்டு, பின்னால் யார் வந்தாலும் நகராமல் போகிறவர்கள் ஏன் அப்படி ஓட்டுகிறார்கள்? பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து லைட் அடிப்பவர்களை என்ன செய்வது? முன்னால் இருப்பவர் விலகவே மாட்டார் என்று தெரிந்தபின் மறுபக்கமாக முந்திப் போனால் தப்பா? நெடுஞ்சாலையில் வண்டி எடுத்தாலே கோபத்தோடுதான் வீடு திரும்புகிறேன் என்றும் எழுதி, கெட்ட ஓட்டுநர்கள் என்று ஒரு பட்டியலும் போட்டிருந்தீர்கள்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘பொறுமையாகப் போங்கள்’ என்ற ஒற்றை அறிவுரையோடு இந்தப் பேச்சை முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். தடத்தை அடைப்பவரால் உங்கள் நேரம் மட்டும் வீணாவதில்லை. அவரைச் சுற்றி வரும் பத்துப் பேரும் ஆபத்தான காரியங்களில் இறங்குகிறார்கள். ஒருவர் ஒட்டுகிறார், ஒருவர் ஓரமாக நுழைகிறார், ஒருவர் ஹாரனை விடாமல் அழுத்துகிறார். ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நெடுஞ்சாலையில் நான் பார்க்கும் கெட்ட பழக்கங்களில் பெரும்பகுதி ஒரே ஒரு தவறான எண்ணத்திலிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது.

மெதுவாகப் போகிறவருக்கு ஓரத் தடம், சுமாரான வேகத்துக்கு நடுத் தடம், வேகமாகப் போகிறவருக்குக் கடைசித் தடம் என்று பலர் மனத்தில் ஒரு பங்கீடு இருக்கிறது. சாலை விதியில் அப்படி ஒரு பங்கீடே கிடையாது. 1968-இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையை எடுத்தாலும், பெரும்பாலான நாடுகளின் சட்டங்களை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான்: உங்கள் திசைக்கு உரிய ஓரத்தை ஒட்டியே ஓட்டுங்கள், முந்த வேண்டுமானால் வெளியே வாருங்கள், முந்தியதும் பழைய இடத்துக்குத் திரும்புங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடது ஓரம்தான் எல்லோருக்கும் இயல்பான இடம். வலது பக்கம் முந்துவதற்கு. ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா போன்ற நாடுகளில் இதையே தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு பார்வைக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. தடம் என்பது வேகத்தைப் பொறுத்தது என்று நம்புகிறவர், ‘நான் 100-இல் போகிறேன், இது வேகமான தடம், எனவே இது என் இடம்’ என்று உட்கார்ந்துவிடுகிறார். விதியைப் புரிந்துகொண்டவர் தன் வேகத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. ‘இந்த நொடியில் நான் யாரையாவது முந்திக்கொண்டிருக்கிறேனா?’ என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். இல்லை என்றால் திரும்பிவிடுகிறார். 80-இல் போனாலும் சரி, 120-இல் போனாலும் சரி, கேள்வி அதுதான்.

‘நான் வரம்பு வேகத்தில் போகிறேன், என்னை முந்த நினைப்பவன் சட்டத்தை மீறுகிறான், நான் ஏன் விலக வேண்டும்?’ என்று வாதாடுகிறவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். வகுப்பில் இந்த வாதம் வராத நாளே இல்லை எனலாம். இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, மீட்டர் காட்டும் வேகம் உண்மையான வேகம் அல்ல. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி 39-இன்படி, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஆனால் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம். அதாவது முள் 100-இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 90-ஐ ஒட்டிப் போய்க்கொண்டிருந்தாலும் அந்த மீட்டர் விதிக்கு உட்பட்டதே. வரம்பில் போவதாக நம்புகிறவர் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் போகிறார். இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. பின்னால் வருகிறவர் ஏன் வேகமாக வருகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அவரைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பை உங்களிடம் யாரும் தரவும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2014-இல் கொண்டுவந்த சட்டம், பின்னால் வேகமாக ஒரு வண்டி நெருங்குவது தெரிந்தால் முந்தும் தடத்தில் தொடரக் கூடாது என்கிறது. பிரிட்டனில் 2013-இலிருந்து நடுத் தடத்தைக் காரணமில்லாமல் பிடித்துக்கொண்டு போவதற்கும், முன்வண்டியை ஒட்டிப் போவதற்கும் அந்த இடத்திலேயே அபராதமும் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளிகளும் போட முடியும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது எனக்குச் சரியாகவே தோன்றுகிறது.

சரி, ஏன் இப்படி ஓட்டுகிறார்கள்? திமிர் என்று எடுத்துக்கொள்வது சுலபம். திமிர் பிடித்தவர்களும் உண்டுதான். ஆனால் நான் பார்த்தவரை, பெரும்பாலானவர்கள் இதைக் கற்றதே இல்லை. பல நாடுகளில் ஓட்டுநர் தேர்வு ஊருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. உரிமம் கைக்கு வந்த மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறுகிறவர் அங்கே அடுத்தவர் செய்வதைப் பார்த்துத்தான் பழகுகிறார். பிரிட்டனின் முதல் மோட்டார்வே, அதாவது அந்நாட்டின் விரைவு நெடுஞ்சாலை, 1958-இல் திறந்தது. பழகுநர்கள் பயிற்சியாளரோடு அதில் ஓட்டலாம் என்ற அனுமதி வந்தது 2018 ஜூனில்! ஜெர்மனியில் உரிமம் பெறுவதற்கு முன்பே ஆட்டோபான் எனப்படும் விரைவு நெடுஞ்சாலையில் நான்கு பயிற்சி வகுப்புகள் கட்டாயம். அங்கே தடங்கள் ஓரளவு ஒழுங்காக இருப்பதற்கு அந்நாட்டவரின் சுபாவத்தைக் காரணம் சொல்வார்கள். பயிற்சியைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு காரணம் பயம். தடம் மாறுவது பலருக்குப் பதற்றமான வேலை: கண்ணாடியைப் பார்க்க வேண்டும், தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்க வேண்டும், வருகிற வண்டியின் வேகத்தைக் கணிக்க வேண்டும். ஓரத் தடத்திலோ லாரிகள், இணைப்புச் சாலையிலிருந்து நுழையும் வண்டிகள். சில சாலைகளில் குழிகளும், நிறுத்திவைத்த வண்டிகளும், எதிர்த்திசையில் வருகிறவர்களும்கூட உண்டு. ஒரே தடத்தில் கெட்டியாக இருந்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்று நினைக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள்மேல் எனக்குக் கோபத்தைவிட இரக்கமே வருகிறது. ஓரத் தடம் ஓட்ட லாயக்கில்லாமல் கிடக்கும் சாலையில் தட ஒழுங்கை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை; அங்கே குற்றம் சாலையைப் பராமரிக்க வேண்டியவர்களுடையது.

வண்டியே வேகத்தை மாறாமல் வைத்துக்கொள்ளும் க்ரூஸ் கண்ட்ரோல் வந்தபின் இன்னொரு வகை முளைத்திருக்கிறது. வேகத்தை ஓர் எண்ணில் வைத்துவிட்டு, அந்த எண்ணைத் தொடவே மனம் வராதவர்கள். 85-இல் போகும் லாரியை 90-இல் முந்துகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரிக்குப் பின்னால் 40 மீட்டரில் வெளியே வந்து, லாரியும் உங்கள் காருமாகச் சேர்ந்த ஒரு 20 மீட்டர் நீளத்தைக் கடந்து, முன்னால் 40 மீட்டர் இடைவெளி விட்டுத் திரும்ப, லாரியைவிட 100 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் 5 கிலோமீட்டர் என்றால் அதற்கு 72 வினாடிகள். அதற்குள் சாலையில் 1,800 மீட்டர் போயிருப்பீர்கள். அந்த நேரம் முழுவதும் பின்னால் வரிசை சேரும். அதே முந்தலை 105-இல் செய்தால் 18 வினாடியில், 525 மீட்டரில் வேலை முடிந்தது. வரம்பு இடம்கொடுத்தால் தயங்காமல் வேகம் கூட்டி முந்துங்கள், முடித்துவிட்டுக் குறையுங்கள். லாரியின் பக்கவாட்டில் நீண்ட நேரம் ஒட்டிப் போவது உங்களுக்கும் நல்லதல்ல. அதன் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாத இடங்கள் அங்கே நிறைய.

லாரியை லாரி முந்தும்போது இந்தக் கணக்கு இன்னும் மோசமாகிறது. ஐரோப்பாவில் கனரக லாரிகளுக்கு 90 கிலோமீட்டரில் வேகப் பூட்டு உண்டு. ஒன்று 90-இலும் மற்றது 88-இலும் போனால், தலா பதினாறரை மீட்டர் நீளமுள்ள இரண்டு வண்டிகள், முன்னும் பின்னும் 50 மீட்டர் இடைவெளி எல்லாம் சேர்த்து, முந்தி முடிக்க நான்கு நிமிடம் ஆகும், ஆறு கிலோமீட்டர் ஓடும். ஜெர்மனியின் ஹாம் நகர உயர் நீதிமன்றம் 2008-இல் இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது: முந்தல் 45 வினாடிக்குள் முடிய வேண்டும், அதற்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வேக வித்தியாசம் தேவை என்று ஓர் அளவுகோல் வைத்தது. கார் ஓட்டுபவர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் அது.

இப்போது ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள். இங்கே கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இது உயிரோடு விளையாடும் பழக்கம். தடத்தை அடைப்பவரைப் பற்றிப் புகார் சொல்லும் பலர் அடுத்த நிமிடமே இதைச் செய்கிறார்கள்.

100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. முன்வண்டிக்குப் பின்னால் 10 மீட்டரில் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு இருப்பது மூன்றில் ஒரு பங்கு வினாடிக்குச் சற்று அதிகம். முன்னால் பிரேக் விளக்கு எரிவதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிரேக்குக்குப் போக, கவனமாக இருப்பவருக்கே ஒரு வினாடியும் அதற்கு மேலும் ஆகும். எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநரானாலும் இந்தக் கணக்கில் இடிக்காமல் தப்ப வழியே இல்லை. நல்ல டயர், புதிய பிரேக், சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் எதுவும் அந்த முதல் வினாடியைத் திருப்பித் தராது. பிரிட்டனின் சாலை விதிநூல் மணிக்கு 70 மைல் வேகத்தில், அதாவது சுமார் 112 கிலோமீட்டரில், வண்டி நிற்க 96 மீட்டர் வேண்டும் என்கிறது. அதில் 21 மீட்டர் யோசிப்பதற்கே போய்விடுகிறது.

ஆகவே இரண்டு வினாடி இடைவெளி. முன்வண்டி ஒரு பலகையையோ கம்பத்தையோ கடக்கும்போது எண்ணத் தொடங்குங்கள். இரண்டு வினாடி முடிவதற்குள் நீங்கள் அதே இடத்தைக் கடந்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். மழையில் இதை இரட்டிப்பாக்க வேண்டும். ஜெர்மனியில் வேறு மாதிரிக் கற்பிக்கிறார்கள்: ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணில் பாதி எவ்வளவோ, அத்தனை மீட்டர் இடைவெளி. 100 என்றால் 50 மீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

‘இடைவெளி விட்டால் இன்னொருத்தன் நுழைந்துவிடுகிறான்’ என்பார்கள். உண்மைதான், நுழைவார்கள். அதனால் என்ன இழப்பு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. ஒருவர் நுழைந்தால், மறுபடி இடைவெளி உண்டாக்க நீங்கள் இரண்டு வினாடி பின்தங்குகிறீர்கள். பயணம் முழுவதிலும் முப்பது பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடம்தான் தாமதம். அந்த ஒரு நிமிடத்தைக் காப்பாற்றப் பத்து மீட்டர் இடைவெளியில் போகலாமா?

இடைவெளிக்கு இன்னொரு பயன் உண்டு, அதைப் பலரும் அறியமாட்டார்கள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். விபத்து இல்லை, சிக்னல் இல்லை, தடை எதுவும் இல்லை. எல்லோரும் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும், அவ்வளவே. சிறிது நேரத்தில் ஒருவரின் சின்ன வேகக் குறைவு பின்னால் வருகிறவரிடம் கொஞ்சம் பெரிதாகி, அவருக்குப் பின்னால் இன்னும் பெரிதாகி, கடைசியில் சில கார்கள் முழுதாக நின்றேவிட்டன. அந்த நெரிசல் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. நெடுஞ்சாலையில் காரணமே தெரியாமல் நின்று, காரணமே தெரியாமல் மறுபடி ஓடத் தொடங்கும் நெரிசல்களில் பல இப்படி உருவானவைதான். ஒட்டி ஓட்டுகிறவர் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பிரேக்கைத் தொடுவார், இப்படிப் பின்னோக்கிப் போகும் அலை அவரிடம் பெருகும். இடைவெளி விட்டவர் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினாலே போதும், அலை அவரோடு அடங்கிவிடும்.

மறுபக்கமாக முந்துவது பற்றிக் கேட்டீர்கள். எல்லாத் தடங்களும் நெரிசலில் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது உங்கள் வரிசை பக்கத்து வரிசையைவிடச் சற்று வேகமாக நகர்ந்தால் அது பொதுவாகக் குற்றமாகாது. ஆனால் சாலை ஓடிக்கொண்டிருக்கும்போது, முந்தும் தடத்தில் அசையாமல் இருப்பவரை ஓரத் தடம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் நான் செய்யமாட்டேன். காரணம் அந்த ஓட்டுநர்தான். அவர் கண்ணாடி பார்க்காதவர் என்பதை ஏற்கெனவே நிரூபித்துவிட்டார். திடீரென்று ஞானம் வந்து ஓரத்துக்குத் திரும்பினால், எந்தப் பக்கத்தில் யாரையும் எதிர்பார்க்கமாட்டாரோ அதே பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

தடத்துக்குத் தடம் தாவிக்கொண்டே போகிறவர்களையும் சொல்ல வேண்டும். பக்கத்துத் தடம் எப்போதும் வேகமாக ஓடுவதுபோலத் தோன்றுவது ஒரு மாயை. கனடா ஆய்வாளர் டொனால்ட் ரெடெல்மையரும் புள்ளியியலாளர் ராபர்ட் டிப்ஷிரானியும் 1999-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதை விளக்கினார்கள். நீங்கள் முந்தும்போது நெருக்கமாக நிற்கும் பல வண்டிகளைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறீர்கள்; உங்களை முந்துகிறவர்கள் இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராக நீண்ட நேரம் கடக்கிறார்கள். சராசரி வேகம் இரண்டு தடத்துக்கும் ஒன்றாக இருந்தாலும், முந்தப்படுவதிலேயே அதிக நேரம் கழிகிறது. நீங்கள் முந்தியவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார், உங்களை முந்தியவரோ கண்முன்னாலேயே நிற்கிறார். வேகம் தரும் லாபமும் சொற்பம்: 50 கிலோமீட்டர் தூரத்தை 100-க்குப் பதில் 110-இல் கடந்தால் மிச்சம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் இருவரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிரேக் போட்டால், 100-இல் வந்தவர் நின்றுவிட்ட இடத்தில் 110-இல் வந்தவர் இன்னும் 45 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் இருப்பார்.

ஒரு விஷயத்தில் உங்களோடு மாறுபடுகிறேன். தடம் மூடும் இடத்தில் கடைசிவரை வந்து நுழைகிறவர்களையும் கெட்ட ஓட்டுநர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். நெரிசலில் அவர்கள் செய்வதே சரி. இரண்டு தடங்களையும் கடைசிவரை பயன்படுத்தி, முனையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி நுழைவதை ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சட்டமாகவே வைத்திருக்கின்றன. அரைக் கிலோமீட்டர் முன்பே ஒரே வரிசையில் சேர்ந்துவிட்டு, அடுத்தவருக்கு வழிவிடாமல் மறிப்பதால் வரிசைதான் நீளும்.

இனி நீங்கள் செய்யக் கூடியவை. முன்னால் ஒருவர் தடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் இரண்டு வினாடி இடைவெளி விட்டே தொடருங்கள். அவர் கண்ணாடியில் தெரியும்படி ஓட்டுங்கள், முந்தும் பக்கத்து இண்டிகேட்டரைப் போடலாம். ஒருமுறை சுருக்கமாக லைட் அடிப்பது பல நாடுகளில் முந்துவதற்கான அறிவிப்பு. ஜெர்மானிய விதி ஊர் எல்லைக்கு வெளியே அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. ஆனால் அங்கேயே, ஒட்டி வந்து தொடர்ந்து லைட் அடித்தால் அது மிரட்டிப் பணியவைக்கும் குற்றமாகிவிடலாம். ஒருமுறைக்குப் பிறகும் அவர் விலகவில்லை என்றால் அவர் உங்களைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் இரண்டாவது முறை அடிப்பதால் பயனில்லை.

உங்கள் பின்னால் ஒருவர் ஒட்டினால், முதலில் பாருங்கள்: நீங்கள் முந்தும் தடத்தில் தேவையில்லாமல் இருக்கிறீர்களா? இருந்தால் இண்டிகேட்டர் போட்டு விலகுங்கள், அவர் எவ்வளவு மோசமாக நடந்துகொண்டிருந்தாலும். முந்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள், விலக இடமில்லை என்றால், உங்கள் முன்னால் உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள். பின்னால் இருப்பவரால் நேரத்துக்கு நிறுத்த முடியாது என்பதால் அவருக்கும் சேர்த்து நீங்கள்தான் தூரம் வைத்திருக்க வேண்டும். அப்போது முன்னால் எது நடந்தாலும் மெதுவாக வேகம் குறைக்க உங்களுக்கு இடம் இருக்கும். பயமுறுத்துவதற்காகப் பிரேக்கைத் தொடாதீர்கள். அந்த நொடியில் அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால், நொறுங்குவது உங்கள் பின் இருக்கை. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விலகிய பிறகும் அவரும் உங்களோடு விலகி, வேண்டுமென்றே தொடர்ந்து வந்தால் விஷயம் வேறு. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் அடுத்த வழியில் வெளியேறி, வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்காமல், அங்கிருந்தே காவல்துறையை அழையுங்கள். நியாயம் கேட்க மட்டும் இறங்க வேண்டாம்.